சிட்டுக்கு அத்தை, எலிக்கு மாமா

எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் பட்டிமன்றம் இல்லாமல் கொடி இறங்காது. காவடிக்குக் கூடுகிற கூட்டத்தைவிட மைக்குக்குக் கூடுகிற கூட்டம் பெரிது. "ஆத்தாளும் அன்னைக்குப் பூசைய வெரசா வாங்கிக்கிட்டு, ஒரு காத நம்ம பக்கம் வெச்சிருப்பா" என்று அம்மா சொல்வார். கணவனா மனைவியா, படிப்பா பணமா, மாமியார் சமையலா மருமகள் சமையலா என்று தலைப்புகள் மாறி மாறி வரும். கம்போங் ராஜாவுக்கு மேலே, தேயிலைக்கும் பனிக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்த எங்கள் லயத்து வீடுகளில் இதைத் தாண்டி வாழ்க்கையில் பிரச்சினை எதுவும் இல்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது வந்த தலைப்பு மட்டும் வேறு மாதிரி. "தோட்டத்துக்குப் பெருமை சேர்ப்பது தையல்சிட்டா, மண்ணெலியா?" சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. அந்தத் தீர்ப்பில்தான் என் மாமா தோட்டத்தில் இருப்பாரா, ஜொகூருக்குப் பஸ் ஏறுவாரா என்பது தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டில்தான் இருந்தார். என்னைப் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போவதும், எனக்குப் பேன் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாமும் அவர்தான். தெற்கே, நாட்டின் கோடியில் இருக்கிற ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் அவருடைய கூட்டாளி இருந்தான். ஆள் எடுக்கிறார்கள், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மாமாவும் போகிறேன் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது சொல்வார், பல் விளக்கும்போது சொல்வார். "இவன் போறதுக்குள்ள ஜொகூரே நம்மளத் தேடி நடந்து வந்துரும்" என்பார் அப்பா.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவரும் அதே வீட்டில்தான். பள்ளியில் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு நர்சரியில் கன்று வைக்கும் வேலைக்கும், களை எடுக்கும் வேலைக்கும் போய்க்கொண்டிருந்தார். பேசவே மாட்டார். "எங்க நாத்தனா வாயத் தொறக்கறதே கொட்டாவி விடத்தான்" என்று அம்மா கிண்டல் செய்தால், அதற்கும் ஒரு சின்னச் சிரிப்புதான் பதில். மாமாவுக்கும் அத்தைக்கும் முறை இருந்தது. கல்யாணம் எப்போது என்று இரண்டு பேரையும் தவிர லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அதனால் மாமா ஜொகூர் என்று சொல்லும்போதெல்லாம் அடுப்படிப் பெண்கள் அத்தையின் முகத்தைப் பார்ப்பார்கள். "பாவம் அந்தப் புள்ள, வாய் விட்டு அழக்கூட மாட்டேங்குதே" என்று அவர்களே அத்தைக்கும் சேர்த்து மூக்கைச் சிந்துவார்கள்.

தலைப்பு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இலை வெட்டும் மெஷினை இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு, செடி வரிசையின் இருபுறமும் நடப்பார்கள். கத்தி செடியின் உச்சியை மழித்துக்கொண்டே போகும். ஆனால் தையல்சிட்டு கூடு கட்டிய செடி வந்தால் மெஷினைத் தூக்கித் தாண்டிவிட வேண்டும். அதற்காகவே களை எடுக்கப் போகிற பெண்கள் முன்கூட்டியே அந்தச் செடியில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி வைப்பார்கள். எந்தத் துரையும் போட்ட சட்டமில்லை இது. யார் ஆரம்பித்தார்கள் என்றும் தெரியாது. மற்ற செடியெல்லாம் தட்டையாக இருக்க, அந்த ஒன்று மட்டும் முடி வெட்ட அழுகிற பையன் மாதிரி தலையைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும்.

அப்படி ஒரு செடியைத் தாண்டுவதற்காக மாமா மெஷினைத் தூக்கி ஒரு காலை அகட்டி வைத்தார். கால் கணுக்கால்வரை மண்ணுக்குள் இறங்கிவிட்டது. மண்ணெலி போட்ட பாதை. காலை உருவினால் கூடவே அந்த எலியும் வெளியே வந்து விழுந்தது. எலி என்பது பேருக்குத்தான். வால் இருக்கிற இடம் தெரியாது, கண் இருக்கிற இடமும் தெரியாது. ரோஸ் நிறத்தில் நீட்டிய மூக்கு மட்டும் நடுங்கிக்கொண்டே இருக்கும். முன்கை இரண்டும் வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டிய மண்வெட்டி. உடம்பு முழுக்க வெல்வெட்.

மெஷினின் மறுபக்கம் பிடித்தவர், வேரைத் தின்கிற சனியன், அடித்துப் போடு என்றார். மாமா அதைத் தொப்பிக்குள் எடுத்துக்கொண்டார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மேலே சிட்டுக்கு மட்டும் துணி கட்டுகிறீர்களே, கீழே இருக்கிறதுக்கு யார் கட்டுவது என்று ஒருத்தர் கேட்க, பாட்டுப் பாடுகிறதும் பள்ளம் தோண்டுகிறதும் ஒன்றா என்று இன்னொருத்தர் கேட்க, வரிசையே இரண்டாகப் பிரிந்துவிட்டது. வெட்டு நின்றுபோனது. கங்காணி மேட்டிலிருந்து ஓடிவந்தார்.

"என்னங்கடா, குருவிக்கும் எலிக்கும் பட்டிமன்றமா வெச்சிருக்கீங்க? மெஷினத் தூக்குங்கடா!"

மெஷினைத் தூக்கினார்கள். எலியை மண்ணில் விட்டதும் அது கிணற்றில் போட்ட கல் மாதிரி உள்ளே போய்விட்டது. ஆனால் கங்காணி வாயிலிருந்து வந்த அந்தச் சொல் போகவில்லை. சாயங்காலமே கோயில் கமிட்டியில் அதைத் தலைப்பாக எழுதிவிட்டார்கள்.

எலி அணி ஒன்று, சிட்டு அணி ஒன்று. ஒரு அணிக்கு மாமா தலைவர், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. தோட்டத்தில் மைக்கைப் பார்த்தால் கை நடுங்காத ஒரே ஆள் அவர்தான். இன்னொரு அணிக்கு வழக்கமாகப் பேசுகிற அம்மாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. யாரோ அத்தையின் பேரைச் சொன்னார்கள். அவர்கள் இருவரையும் ஒரே மேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று லயத்துக்கே ஆசை. அத்தை மாட்டேன் என்று சொல்வார் என்று காத்திருந்தோம். அவர் "சரி" என்றார். அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

யாருக்கு எந்தப் பக்கம் என்பதற்குப் பூ கட்டிப் பார்த்தார்கள். எங்கள் லயத்தில் கல்யாணம் என்றாலும் பூ கட்டுவார்கள், ஆபரேஷன் என்றாலும் கட்டுவார்கள். வாழையிலைத் துண்டில் செம்பருத்தி ஒன்று, மல்லிகை ஒன்று. மடித்து அம்மன் காலடியில் வைத்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். அந்த வருடம் குழந்தை நான்தான். மல்லிகை வந்தால் மாமாவுக்குச் சிட்டு, செம்பருத்தி வந்தால் எலி. நான் எடுத்ததில் செம்பருத்தி இருந்தது.

கோயிலே சிரித்தது. ஊரைவிட்டுப் பறக்கத் துடிக்கிறவனுக்கு மண்ணுக்குள் கிடக்கிற எலி. கோயிலையும் நர்சரியையும் தவிர எங்கும் போகாத பெண்ணுக்குச் சிட்டு. பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஆத்தாவே போகாதேன்னுட்டா, இதுக்கு மேல என்ன?" என்றார். மாமாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. கையை உயரத் தூக்கினார்.

"சரி லா! எலி ஜெயிச்சா நான் இங்கயே இருக்கேன். குருவி ஜெயிச்சா மறுநாளே பஸ்ஸு. தீர்ப்பு எப்படியோ அப்படி!"

சாமி முன்னால் சொன்ன சொல். திரும்ப வாங்க முடியாது. அன்று முதல் நான் எலிக்கட்சி.

மறுநாள் முதல் மோட்டாரில்தான் ஒத்திகை. மாமா ஓட்டிக்கொண்டே பேசுவார். பின்னால் உட்கார்ந்து நான் நடுவராகத் தீர்ப்புச் சொல்வேன். கோலா தெர்லாப் பக்கமிருந்து வரும் காய்கறி லோரிகள் எதிரே வரும்போது மட்டும் இருவரும் வாயை மூடிக்கொள்வோம். எல்லா நாளும் எலிதான் ஜெயித்தது. அத்தை எங்கே ஒத்திகை பார்க்கிறார் என்று மட்டும் தெரியவில்லை. வேலை முடிந்த பிறகும் அந்தத் துணி கட்டிய செடிக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருப்பதை இரண்டொரு தடவை பார்த்தேன். பாவாடை ஓரமெல்லாம் நனைந்து போய் வீட்டுக்கு வருவார். என் மாமாவைத் தோற்கடிக்க அந்தச் சிட்டிடமே பாடம் கேட்கிறார் என்று எனக்கு ஒரே ஆத்திரம். அத்தை ஊட்டிய சோற்றைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கினேன். சோறு என்னவோ ருசியாகத்தான் இருந்தது.

திருவிழா அன்று சாயங்காலம் பனி பந்தலுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பின்வரிசைக்காரர்களுக்கு மேடை தெரியாது, குரல் மட்டும்தான். நடுவர் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி. பக்கத்தில் வெந்நீர்ப் பிளாஸ்க். தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு மடக்குக் குடிப்பார். "தீர்ப்பு சூடா எறங்கணும்" என்பது அவர் கட்சி. அணிக்கு மூன்று பேர் என்று பேர். துணைப் பேச்சாளர்கள் மைக்கைத் தொட்டுக் கும்பிட்டு, தலைவர் பேசுவார் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

மாமா பேசினார். பந்தல் குலுங்கியது.

"நடுவர் அவர்களே! குருவி காலையில பாடுது. எதுக்குப் பாடுது? நம்ம எல்லாருக்கும் காப்பி ஆறுதேன்னா? 'இது என் எடம், நீ வராத'ன்னு பாடுது. எங்க எலி அப்படி ஒரு போர்டு மாட்டியிருக்கா? எங்க எலிக்குக் கண்ணு தெரியாது. ஆனா வழி தவறி எவன் வீட்டுக்குள்ளயும் போனதில்ல. கண்ணு நல்லாத் தெரியறவன்தான் ஒவ்வொரு சிம்பாங்லயும் நின்னு, இங்கிட்டுப் போவமா அங்கிட்டுப் போவமான்னு தலையச் சொறியறான்!"

சிம்பாங் என்றால் முச்சந்தி. எல்லோரும் மாமாவையே பார்த்துச் சிரித்தார்கள், தலையைச் சொறிகிறவன் யார் என்று தெரிந்த சிரிப்பு. வேரை அது தின்னாது, வேருக்கு நடுவே நெளிகிற புழுவைத்தான் தின்னும் என்றார். அது போட்ட வழியில்தான் மழை செடிக்குள் இறங்குகிறது என்றார். கைதட்டல் அடங்கிய பிறகு, ஒத்திகையில் இல்லாத ஒன்றைக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சில பேரு போறதுக்குன்னே பொறந்தவங்க. சில பேரு இருக்கறதுக்குன்னே பொறந்தவங்க. இருக்கறவன் இல்லன்னா, போனவங்க எங்கங்க திரும்பி வர்றது?"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. நன்றாக இல்லை போலிருக்கிறது என்று நான் கவலைப்பட்டு முதல் ஆளாகக் கை தட்டினேன்.

பிறகு அத்தை எழுந்தார். மைக் அவருக்கு உயரம். இறக்கிவிட யாரும் வரவில்லை. மாமாதான் எதிரணியிலிருந்து எழுந்துபோய் இறக்கிவிட்டார். விசில் பறந்தது. அத்தை காத்திருந்தார், விசில் ஓயும்வரை.

"எங்க சிட்டு உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். அது இலையப் பறிக்கிறதில்ல. கொப்புலயே விட்டு, ஓரத்துல ஓட்ட போட்டு, செலந்தி நூல வெச்சுத் தைக்குது. ஊசியும் அதோட வாய்தான். நான் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். மழையில ஒரு தையல் விட்டுப்போச்சு. அது யாரையும் கூப்பிடல, திரும்பவும் தச்சுச்சு."

அவ்வளவு நேரம் அவர் பேசி நாங்கள் யாருமே கேட்டதில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள், யார் பேசுவது, யார் பேசுவது என்று எட்டிப் பார்த்தார்கள்.

"குஞ்சு வளந்ததும் கூட்டு விளிம்புல வந்து நிக்குது. பயந்து பயந்து நிக்குது. தாய் உள்ள தள்ளல, வெளியயும் தள்ளல. கொஞ்சம் தள்ளி உக்காந்து பாடுது. அவ்வளவுதான். கூடு நல்லாத்தாங்க இருக்கு. மெத்து மெத்துன்னு இருக்கு. யாரும் குத்தம் சொல்லல. ஆனா கூடு கட்டறது குடியிருக்கறதுக்கு இல்லைங்க. பறக்கக் கத்துக்கறதுக்கு. இத எங்க சிட்டுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. நமக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அதச் சொல்லத்தான் நான் எந்திரிச்சேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நேரம் இன்னும் பாக்கி இருந்தது. மணி அடிக்க வேண்டியவர் அடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

அத்தை ஜெயித்துவிட்டார் என்று எனக்கே தெரிந்தது. மாமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அடுப்படிப் பெண்கள் மட்டும் முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மனசுல கல்ல வெச்சுக்கிட்டு அவனப் போச் சொல்லிப் பேசுது பாரு" என்றார்கள். ஒருத்தர் கிராணியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கிராணியும் சிமிட்டினார். அதற்கு மேல் அங்கே நீதி எங்கே இருந்தது?

கிராணி ஒரு மடக்கு வெந்நீர் குடித்தார். இரண்டு பக்கத்தையும் வானளாவப் புகழ்ந்தார். அத்தை பேச்சுக்குப் பொன்னாடையே போடலாம் என்றார். சொல்லிவிட்டு, "ஆயினும்..." என்று இழுத்தார். அந்த ஒரு சொல்லிலேயே உறுமி மேளக்காரர்கள் குச்சியைக் கையில் எடுத்துவிட்டார்கள். எலி ஜெயித்தது. நான் நாற்காலிமேல் ஏறிக் குதித்தேன். லயம் முழுவதும் அத்தைக்கு ஒரு பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி சிரித்தது. அத்தையும் கைதட்டினார். பிறகு மேசைமேல் விரித்திருந்த துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஒரு துணியை அவ்வளவு நேரம் மடிக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் மத்தியானம், திருவிழாச் சோற்றைச் சூடுபண்ணிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அத்தை குழாயடிக்குப் போயிருந்தார். மாமா தட்டைத் தள்ளி வைத்தார்.

"மச்சான், தீர்ப்பு எனக்குத்தான். நான் இருக்கேன். ஆனா அவளுக்கு யாரும் தீர்ப்புப் போடலையே."

அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும்தான். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அவ மேடையில பேசலங்க, நம்மகிட்ட பேசினா. ஒரே வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு நமக்குக் கேக்கறதுக்கு மைக்கு வேண்டியிருக்கு" என்றார்.

பொம்பளப் பிள்ளையைத் தனியாக ஜொகூருக்கா, அவ்வளவு தூரமா என்று அப்பா குரலை உயர்த்தினார். மாமா உயர்த்தவில்லை. பெண்கள் தங்குகிற ஹோஸ்டல் எங்கே இருக்கிறது, வாசலில் யார் உட்கார்ந்திருப்பார்கள், எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள், தொழிற்சாலை பஸ் எங்கே வந்து நிற்கும், பக்கத்தில் மாரியம்மன் கோயில் எந்தச் சந்தில் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். ஜொகூர் ஜொகூர் என்று அத்தனை நாள் பேசிய மனுஷன், ஆண்கள் எங்கே தங்குவார்கள் என்று மட்டும் ஒரு வார்த்தையும் விசாரித்து வைத்திருக்கவில்லை. அப்பா அதைக் கவனித்தாரோ என்னவோ, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நீ எப்பவுமே போறதா இல்லையாடா?" என்று மட்டும் கேட்டார். மாமா என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்துக் கடித்தார்.

குழாயடியிலிருந்து வந்த அத்தைக்கு எதிரே அப்பா எழுந்து போனார். தண்ணீர்க் குடத்தைக் கையில் வாங்கிக் கீழே வைத்தார். "ஸ்வெட்டர் வேணாம், அங்க வெயிலு" என்றார். அத்தை நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

அத்தை போகிற அன்று கம்போங் ராஜாவில் ஈப்போ பஸ்ஸுக்காக நின்றோம். ஈப்போவில் இறங்கி ஜொகூர் பஸ் ஏற வேண்டும். எனக்குத் தாங்கவில்லை. நாங்கள்தானே ஜெயித்தோம்? ஜெயித்தால் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா? மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்து இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். "ஆமா பாப்பா, நாமதான் ஜெயிச்சோம்" என்று சொல்லிக்கொண்டே அவர் அத்தையின் பையை பஸ்ஸுக்குள் ஏற்றி, ஜன்னல் ஓரத்து இடமாகப் பார்த்து வைத்துவிட்டு இறங்கினார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் கேட்டிருப்பேன், நடுவில்தானே நின்றிருந்தேன்.

பிற்பாடு அத்தை லீவுக்கு வந்ததும், தோட்டம் கூடிக் கல்யாணம் நடந்ததும், ஜெயித்தது யார் என்று அவர்கள் இன்றைக்கும் சோற்றுக்கு முன்னால் சண்டை போடுவதும் பெரிய கதை. அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தெரியும்?

பஸ் கிளம்பியது. அத்தை ஜன்னலில் கையை நீட்டி ஆட்டினார். நான் கோபத்தில் கையைக் கட்டிக்கொண்டேன். மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, "டாட்டா காட்டு பாப்பா, நல்லாக் காட்டு" என்றார். உயரத்தில் உட்கார்ந்ததும் கோபம் போய்விட்டது. இரண்டு கையாலும் காட்டினேன். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகும் மாமா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கீழே அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. மாமாவுக்கு என்னவோ சிரிப்பு வந்துவிட்டது என்று நினைத்து, அவர் தலைமுடியை இறுகப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே சத்தமாகச் சிரித்தேன்.